தூக்கத்தில் துடிப்பு 38 என்று வாட்ச் காட்டினால்

காலையில் ஓபி தொடங்கியதும் முன்பெல்லாம் மேஜைக்கு வருபவை பழைய ஈசிஜி தாள், மருந்துச் சீட்டு, மஞ்சப்பையில் சுருட்டி வைத்த ஸ்கேன் ரிப்போர்ட். இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் போன் நீட்டப்படுகிறது. "சார், நேத்து ராத்திரி மூணு மணிக்கு 38 காட்டியிருக்கு. ஹார்ட்ல ஏதாவது பிரச்சினையா?" கேட்பவருக்குப் பெரும்பாலும் முப்பது வயதுகூட இருக்காது. அந்த மூன்று மணிக்கு அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கும் அதே வாட்ச்தான் சாட்சி. பயம் வந்தது காலையில் கிராஃபைப் பார்த்த பிறகு.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. சிலருக்கு இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதை அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வாட்ச் எண்ணுவது மணிக்கட்டுக்கு வந்து சேரும் ரத்த அலையை. இதயத்தை அது நேரடியாகப் பார்ப்பதே இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் இயல்பு எது என்று பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 60 முதல் 100 என்று நாம் படித்தது விழித்தபடி ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஆளின் கணக்கு. தூங்கும்போது, இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடுவதால் துடிப்பு இறங்கும். இளைஞர்களுக்கு 40களில் இருப்பது சாதாரணம். தினமும் ஓடுகிறவர்கள், கபடி, கால்பந்து ஆடுகிறவர்கள் 30களைக்கூடத் தொடுவார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் குறைந்து, கனவு வரும் கட்டத்தில் ஏறி இறங்கும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், நடுக்கத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சற்றுக் குறையும். அது மருந்தின் வேலை. டெங்கு காய்ச்சல் விட்ட சில நாட்களுக்குத் துடிப்பு மந்தமாக இருப்பதையும் மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்கிறோம். அது தானாகவே சரியாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா, இரண்டு பெக், லேசான காய்ச்சல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் என ஒவ்வொன்றும் தூக்கத் துடிப்பைச் சில எண்கள் மேலே தள்ளும். ஆப்பிள் வாட்ச் வாங்கியபடியே வைத்திருந்தால், அசையாமல் இருக்கும்போது பத்து நிமிடம் துடிப்பு 40க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கும். அந்த 40 ஒரு செட்டிங், அவ்வளவுதான். நீங்களே மாற்றி வைக்கக்கூடிய எண்ணை நோயின் எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, வாட்ச் எப்படி எண்ணுகிறது? அடியில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடும், அப்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். பக்கத்திலிருக்கும் சென்சார் அந்த ஏற்ற இறக்கத்தை அலையாகப் பதிகிறது. அடிப்படை பழசுதான்: 1930களின் கடைசியிலேயே அமெரிக்காவில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் இந்த முறையை விவரித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், திரும்பி வரும் மொத்த ஒளியில் துடிப்பால் மாறுவது ஒன்றிரண்டு சதவீதம்தான். மீதியெல்லாம் தோல், சதை, வெளி வெளிச்சம். அந்தச் சிறு அலையை மற்றக் குறுக்கீடுகளிலிருந்து பிரித்தெடுப்பது மென்பொருள். அது சில சமயம் இல்லாத தாளத்தையும் கண்டுபிடிக்கும். சந்தேகமிருந்தால் வாட்சைக் கழற்றி ஒரு வாழைக்காயில் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். சில வாட்சுகள் கூச்சமே இல்லாமல் 70, 80 என்று எண் சொல்லும்.

ராத்திரியில் கை அசையாது, அதனால் பகலைவிட அளவு சுத்தமாக வரவேண்டும். பொதுவாக வரவும் செய்கிறது. ஆனால் தூக்கத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. தலைக்கு அடியில் கையை மடித்து வைத்துப் படுத்தால் மணிக்கட்டுக்கு வரும் ரத்தம் குறையும். ஏசியை 18ல் வைத்துப் போர்வைக்கு வெளியே கையை நீட்டியிருந்தால் தோல் ரத்தக்குழாய்கள் சுருங்கி அலை மெலியும். படுக்கும்போது உறுத்துகிறது என்று பலர் பட்டையைத் தளர்த்திவிடுகிறார்கள். இடைவெளியில் வெளிச்சம் நுழைந்தால் எண் எங்கெங்கோ தாவும். நரம்பு தெறிக்க இறுக்கிக் கட்டினாலும் நுண்குழாய்கள் நசுங்கி அதே கதைதான். நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது, வாட்சுக்கு அடியில் கோவில் கயிறு. சென்சார் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, கயிறையும் வளையலையும் ஒதுக்கி, விரல் நுழையும் அளவு இறுக்கத்தில் கட்டினாலே பலருடைய 'இதயக் கோளாறு' மறுநாள் காணாமல் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை விழுங்கும், மறு கைக்கு மாற்றிப் பாருங்கள்.

விலை குறைந்த பல ஃபிட்னஸ் பேண்டுகள் (வாட்ச் மாதிரி கையில் கட்டும் பட்டைகள்) விட்டுவிட்டுத்தான் அளக்கின்றன. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று பத்து நிமிடம், அரை மணிக்கு ஒருமுறை அளந்துவிட்டு, நடுவில் கோடு இழுத்துக் காட்டும். பார்ப்பதற்கு ராத்திரி முழுக்கப் பதிந்த மாதிரி இருக்கும். இன்னொன்று, எப்போது தூங்கினீர்கள் என்பதை அசைவையும் துடிப்பையும் வைத்து அதுவே யூகிக்கிறது. அசையாமல் படுத்து ரீல்ஸ் பார்த்த ஒரு மணி நேரமும் தூக்கக் கணக்கில் சேர்ந்துவிடலாம், சராசரியும் ஏறும். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸுகள், பிபிஓ ஊழியர்கள் 'தூக்கத்துடிப்பு பதிவாகவே இல்லை' என்று சொல்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதுவரை சொன்னது கருவியின் பிழை. கருவி சரியாக எண்ணியும் எண்ணிக்கை தப்பாகும் ஒரு நிலைமை இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய வாட்ச். ராத்திரியில் 37, 38 என்று நீளமாக ஒரு கோடு, திடீரென்று 75க்குத் தாவி ஓடும், மறுபடி 38. "ஐயா, மயக்கம் வருதா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" எதுவும் இல்லை. ஆனால் மகன் வீடியோ காலில் பேஸ்மேக்கர் வரைக்கும் பேசி முடித்திருந்தார். எனக்கு உறுத்தியது அந்த 38, 75ல் கிட்டத்தட்டச் சரிபாதி என்பது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டே மறு கையால் அவர் நாடியைப் பிடித்தேன். நெஞ்சில் இரண்டு இரண்டாகக் கேட்டது: ஒரு துடிப்பு, அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு இன்னொன்று, பிறகு ஒரு இடைவெளி. விரலில் தட்டியதோ ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றே ஒன்று. ஈசிஜியில் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு இயல்பான துடிப்புக்குப் பின்னும் கீழறையிலிருந்து ஒரு அவசரத் துடிப்பு. பைஜெமினி என்போம். முந்திக்கொண்டு வருவதால் இதயம் நிரம்ப நேரமில்லை, அந்தத் துடிப்பு மணிக்கட்டு வரை அலையாக வந்து சேர்வதில்லை. இதயம் துடித்தது 76, வாட்சுக்கு எட்டியது 38. வாட்ச் பொய் சொல்லவில்லை, தனக்கு வந்ததை எண்ணியது. வாட்சை மாட்டாமல் விரல் வைத்து எண்ணியிருந்தாலும் 38தான் வந்திருக்கும்.

அவருக்கு எக்கோ எடுத்து இதயத்தின் பலத்தைப் பார்த்தோம், 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதியும் ஹோல்டர் கருவி பொருத்தி நாள் முழுக்க எத்தனை அவசரத் துடிப்புகள் என்று எண்ணினோம், பொட்டாசியமும் தைராய்டும் சோதித்தோம். தேவைப்பட்டது அதற்கான சிகிச்சை, பேஸ்மேக்கருக்கு அங்கே வேலையே இல்லை. (இந்த ஹோல்டர் இன்று சட்டைப் பைக்குள் அடங்குகிறது. நார்மன் ஹோல்டர் 1940களின் கடைசியில் முதலில் செய்தபோது அதை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, எடை சுமார் 38 கிலோ.)

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பிலும் இதே மாதிரி சில துடிப்புகள் மணிக்கட்டுக்கு வராமல் போகும். எதிர்மாறாக, நாடி அலையில் இயல்பாகவே இருக்கும் ஒரு சிறு பள்ளத்துக்குப் பிறகு எழும் மேட்டையும் தனித் துடிப்பாக எண்ணி, 55ஐ 110 என்று காட்டும் பிழையும் உண்டு. அதனால் எண் இரட்டிப்பாகத் தாவினால் முதலில் நாடியைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பாதியாகத் தாவினால், தலைமை ஆசிரியருக்கு நடந்தது போல நாடியும் அதே எண்ணைச் சொல்லலாம், ஈசிஜிதான் தீர்த்துச் சொல்லும்.

வாட்ச் பெரும்பாலும் பல நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. நடுவே இதயம் மூன்று நொடி நின்று துடித்திருந்தால் அந்த இடைவெளி சராசரியில் கரைந்துவிடும். மயங்கி விழுந்த ஒருவர் "வாட்ச்ல எல்லாம் நார்மல் சார்" என்று ஆறுதலாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்காக வாட்சையே குப்பையில் போடச் சொல்லும் கட்சி அல்ல நான். அமெரிக்காவில் ஆப்பிள் வாட்சை வைத்து நடந்த ஆய்வு 2019ல் வெளியானது. 4,19,297 பேர் சேர்ந்ததில் ஒழுங்கற்ற நாடி என்று எச்சரிக்கை போனது 2,161 பேருக்கு, அதாவது அரை சதவீதம் அளவுக்குத்தான். பிறகு நெஞ்சில் ஈசிஜி பேட்ச் ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பிடிபட்டது. மீதிப் பேர் எல்லாம் பொய் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கோளாறு வந்து வந்து போகும், பேட்ச் ஒட்டிய வாரத்தில் வராமலும் இருந்திருக்கலாம். ஃபிட்பிட் ஆய்வில் 4,55,699 பேர். பேட்ச் ஒட்டியிருந்த நேரத்தில் கருவி ஒழுங்கற்றது என்று பிடித்தவற்றில் 98.2 சதவீதம் நிஜமாகவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அந்தக் கருவி அசைவில்லாத நேரத்தையே எடுத்துக்கொண்டது, அதில் பெரும்பங்கு தூக்கம்தான். ஆக, தாளம் ஒழுங்கற்று இருக்கிறது என்று வாட்ச் சொன்னால் கட்டாயம் வாருங்கள். துடிப்பு குறைவு என்று மட்டும் சொன்னால், உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம். "38 காட்டிச்சு, அதான் அந்த மாத்திரையை நாலு நாளா விட்டுட்டேன்." மெட்டோப்ரோலால் போன்ற மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும், நெஞ்சுவலி வரலாம், ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். அளவைக் குறைக்க வேண்டுமானால் நாங்கள் படிப்படியாகக் குறைக்கிறோம்.

அப்புறம் தூக்க ஸ்கோர். அதைப் பார்த்துப் பார்த்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017ல் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்று வாட்ச் சொல்வது யூகம். மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் ஆகியவற்றைப் பதிந்து பார்த்தால்தான் தூக்கத்தின் கட்டங்கள் உறுதியாகத் தெரியும். காலையில் எழுந்ததும் புத்துணர்வாக இருந்தால் ஸ்கோர் 62 என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். அப்படியும் மனம் கேட்காதவர்களை ஒரு மாதம் வாட்சைக் கழற்றிவிட்டுத் தூங்கச் சொல்கிறேன், அது மருந்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

எப்போது தள்ளிப்போடக் கூடாது? மயக்கம், கண் இருட்டுதல், நெஞ்சுவலி, புதிதாக மூச்சிரைப்பு, பகலில் விழித்திருக்கும்போதும் 40க்குக் கீழ் துடிப்பு, ஓய்வாகக் கிடக்கும்போது திடீரெனத் தொடங்கி திடீரென நிற்கும் 150க்கு மேலான படபடப்பு, குடும்பத்தில் சிறு வயதில் யாராவது திடீரென்று இறந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிராஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஈசிஜி எடுத்தாக வேண்டும். வரும்போது ஒரு நாள் ஸ்கிரீன்ஷாட்டோடு வராமல் இரண்டு வாரப் பதிவு, மருந்துச் சீட்டு, முடிந்தால் பக்கத்தில் படுப்பவர் ஒருவர் என்று வாருங்கள்.

அந்தக் கடைசி ஆள் எவ்வளவு உபயோகம் என்பதற்கு, லாரி ஓட்டும் ஒருவரின் கதை. வந்தது துடிப்பு 42 என்பதற்காக. ஆனால் கிராஃபில் புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்காமல் ராத்திரி முழுக்க 42க்கும் 95க்கும் நடுவே சிதறிக் கிடந்தன, ஆக்சிஜன் அளவும் பல இடங்களில் சரிந்திருந்தது. "குறட்டை உண்டா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். பின்னால் நின்ற மனைவி, "அய்யோ டாக்டர், தெருவுக்கே கேக்கும். நடுவுல மூச்சே நின்னுடும், நான் தட்டி எழுப்புவேன்" என்றார். மூச்சு நிற்கும்போது துடிப்பு இறங்கி, திணறி மூச்சு திரும்பும்போது எகிறும் இந்தச் சுழற்சியை 1984லேயே தூக்க ஆய்வாளர் கியோமினோவின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். தூக்கத்தில் மட்டும் துடிப்பு குறைந்தால் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு) இருக்கிறதா என்று தேடுங்கள், வேறு காரணம் இல்லாமல் பேஸ்மேக்கர் வைக்காதீர்கள் என்று 2018ல் வந்த அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதலும் சொல்கிறது. ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபட்டாலே தீவிர வகை, அவருக்கு அதைத் தாண்டியிருந்தது. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் கருவி எழுதிக் கொடுத்தேன், முகமூடி அளவு சரியாகும் வரை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் செருகுகிறது என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். சிகிச்சை அமையும் வரை அவரை இரவு லோடுக்கு அனுப்ப வேண்டாம் என்று முதலாளிக்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன்.