அகதி, ஏதிலி: ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லு ஒண்ணு தான், பாடு வேற

அகதிங்கிறது சமஸ்கிருதச் சொல்லு. கதின்னா போக்கிடம், "நீயே கதி"ன்னு சொல்றோம்ல அதே கதி தான், முன்னாடி ஒரு அ சேந்தா அது இல்லாதவங்க. முன்னாடியெல்லாம் ஆதரவத்த ஏழையத் தான் அப்படி சொன்னாங்க, "அகதிக்கு ஆகாயமே துணை"ன்னு பழமொழியே உண்டு. எங்க குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது சட்டுனு வெளங்கும், களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போயிட்டா அகதி மந்திரம்னா இன்னைக்கும் ஆதரவற்றோர் இல்லம் தான், நாடு விட்டு வந்தவங்கள மலையாளத்துல அபயார்த்திம்பாங்க.

தமிழ்ல ஏதிலி. குறள் 190ல வர்ற ஏதிலார், அதாவது அயலார், அதோட சொந்தம். ஈழத்து எழுத்துல சகஜம், நம்ம பேச்சுல இன்னும் ஏறல. சிலபேர் புலம்பெயர்ந்தவர்னு போடுறாங்க, எனக்கு அது சரியா படல, துபாய்க்கு வேலைக்குப் போனவரும் புலம்பெயர்ந்தவர் தானே, அவருக்கு திரும்பி வர ஊரு இருக்கு.

ஏதிலின்னு சொன்னா ஆணா பெண்ணான்னு தெரியாது, சொல்லு ரெண்டுக்கும் பொது. ஆனா 1951 ஐநா அகதிகள் உடன்படிக்கையப் பாருங்க, ஒருத்தர அகதின்னு ஏத்துக்க இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்துன்னு அஞ்சு காரணம் சொல்லுது, பாலினம் அதுல இல்ல. பொம்பளையா பொறந்ததாலயே கொடுமைப்பட்டு ஓடி வந்தவ, நானும் ஒரு சமூகக் குழு தான்னு வாதாடித் தான் உள்ள நொழையணும். 2002ல தான் ஐநா அகதிகள் ஆணையம் இதுக்குன்னு தனியா வழிகாட்டுதல் போட்டுச்சு. இந்தியா அந்த உடன்படிக்கையில கையெழுத்தே போடல, அது வேற கதை.

எங்க பக்கம் பழவிளை, பெருமாள்புரம் முகாமெல்லாம் இருக்கு. 2021ல அகதி முகாம்ங்கிற பேர எடுத்துட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு தமிழ்நாடு அரசு மாத்துச்சு, நல்ல காரியம். அதே வருசம் பணக்கொடையும் கூடுச்சு, குடும்பத் தலைவருக்கு மாசம் 1500, மத்த பெரியவங்களுக்கு 1000, சின்னப் பிள்ளைகளுக்கு 500. இந்த தலைவர்ங்கிற எடத்துல புருசன் இருக்கிற வீட்டுல பெரும்பாலும் யாரு பேரு இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம், அவரு பெயிண்டிங் வேலைக்கு வெளியூரு போயிட்டா வயசுக்கு வந்த மகளுக்கு ராத்திரி பொதுக் கக்கூஸ் வரைக்கும் துணைக்குப் போறது அந்த 1000 ரூவா ஆளு தான்.