சின்னத் துப்பாக்கிக்கு எவ்வளவு கருமருந்து?

அமெரிக்காவில் ஒரு சுடுதளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை என் வேலை. சனிக்கிழமைகளில், கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்தால் சுடும் பழங்காலத் துப்பாக்கிகளோடு வருகிறவர்கள் உண்டு. பெரிய துப்பாக்கிக்காரர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன ரிவால்வரோடு வருகிறவரைத்தான் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன்.

அதில் அதிகம் வருவது கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1849 பாக்கெட் ரிவால்வரின் நகல். கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்துச் சரக்கு. அசல் துப்பாக்கிகள் எண்ணிக்கையில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றன. குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் போடும் மருந்து 10 முதல் 15 கிரெய்ன். 15 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம், அவ்வளவுதான். சிலிண்டரில் மருந்தும் குண்டும் போடும் இவ்வளவு சின்ன அறையில் இரண்டு மூன்று கிரெய்ன் கூடினாலே கணக்கு மாறிவிடும்.

போன மாதம் ஒருவர் பளபளக்கும் மின்னணுத் தராசோடு வந்தார். கருமருந்துக்குப் பதிலாகப் பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்து வைத்திருந்தார். 15 கிரெய்னைத் துல்லியமாக எடை போட்டுச் சிலிண்டரில் கொட்டினார். குண்டை வைத்து நெம்புகோலை அழுத்தினால் பாதியில் நின்றுவிட்டது. சிலிண்டரும் திரும்பவில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குண்டு குழலின் பின்பக்கத்தில் இடித்தது. தப்பு தராசின் மேல் இல்லை. பைரோடெக்ஸ் கருமருந்தைவிட எடை குறைந்தது. அதைக் கொள்ளளவால்தான், அதாவது அளவுக் குழாயால்தான் அளக்க வேண்டும். எடை போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உள்ளே போய்விடும். நல்லவேளை, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப் இன்னும் மாட்டவில்லை. ஆப்பைத் தட்டிக் குழலைப் பிரித்து, கேப் மாட்டும் நிப்பிளைக் கழற்றி, மருந்தை உதிர்த்து முடிக்க அரைமணி நேரம் ஆனது.

அதற்காக ரொம்பக் குறைக்கவும் கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டால் அழுத்தம் தாறுமாறாகி அறையே பிளக்கலாம். குறைந்த அளவு போடுகிறவர்கள் மிச்ச இடத்தை ரவையால் நிரப்புவார்கள். உப்புமா ரவையேதான். துப்பாக்கிக் குண்டையே ரவை என்று சொல்லும் இலங்கை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ரவைக்குக் கீழ ரவையோ?" என்றார்.

நான் சொல்வது இதுதான்: கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்குங்கள். ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். அட்டையில் ஓட்டைகள் நெருங்கி விழுகிற அளவு கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் உச்ச அளவுக்குக் கீழேயே கிடைத்துவிடும். பித்தளை உடற்சட்டம் உள்ள நகலில் நிறைய மருந்து போட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தால் சட்டம் நாளடைவில் தளர்ந்துபோகும்.

குண்டு அறையைவிட நூலளவு பெரிதாக இருக்க வேண்டும். அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வரவேண்டும். வராவிட்டால் அந்தக் குண்டு வேண்டாம். இடுக்கு இருந்தால் பக்கத்து அறைக்குத் தீ தாவி, ஒன்று சுடப் போய் இரண்டு மூன்று சேர்ந்து வெடிக்கும். தளர்வான கேப் வழியாகவும் இது நடக்கலாம் என்பார்கள். எந்த வழியில் நடந்தாலும் சிலிண்டருக்கு முன்னால் விரலை வைத்திருந்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை. இந்தச் சின்னத் துப்பாக்கியில் இன்னொரு கைக்கு இடமே கிடையாது, ஆனாலும் பழக்கத்தில் அந்தக் கை முன்னால் போய்விடும்.

அப்புறம் லேபிள் இல்லாத டப்பா. தாத்தா அலமாரியில் இருந்தது, கறுப்பாக இருக்கிறது, அதனால் கருமருந்துதான் என்கிறார்கள். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தும் கிராஃபைட் பூச்சால் கறுப்பாகத்தான் இருக்கும். அது ஒரு சிட்டிகை போனாலும் இந்தச் சிலிண்டர் தாங்காது. லேபிள் இல்லாத டப்பாவோடு வருகிறவர் எவ்வளவு பழக்கப்பட்டவர் என்றாலும் அன்றைக்கு அவரைச் சுட விடமாட்டேன்.

தராசுக்காரர் மறு வாரம் பித்தளை அளவுக் குழாயோடு வந்தார். அதில் 12 கிரெய்ன் கோடு வரை அளந்தார். ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. கையெல்லாம் கரி. வீட்டுக்குப் போனதும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் துப்பாக்கியைக் கழுவச் சொன்னேன். இந்தக் கசடு ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். "நாளைக்குக் கழுவலாமா?" என்றார். இன்றைக்கே என்றேன்.