பெருங்காயம்: வெட்டிய வேரில் வடியும் பால்

சாம்பாரில் பெருங்காயம் போட மறந்தால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். ரசம், நீர்மோர், ஊறுகாய், அப்பளம், முறுக்கு என்று அது நுழையாத பண்டம் நம் சமையலில் குறைவு. அப்படிப்பட்ட பொருள் தமிழ்நாட்டின் எந்தக் கொல்லையிலும் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயத்தை இந்தியா இறக்குமதி செய்கிறது.

அது காயோ விதையோ அல்ல. ஃபெரூலா என்ற பேரினத்துச் செடிகளின் வேர் கசியும் பால். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட் எல்லாம் இதே குடும்பம்தான். மழை குறைந்த, குளிர் மிகுந்த மலைச்சரிவுகளில் இது தானாக முளைத்து வளர்கிறது. முதல் சில ஆண்டுகள் தரையோடு இலை விரிப்பதோடு சரி. தயாரிக்கும் உணவையெல்லாம் கேரட் போன்ற தடித்த வேரில் சேர்த்து வைக்கிறது. பிறகு ஒரு வசந்தத்தில் அந்தச் சேமிப்பு முழுவதையும் செலவழித்து ஆளுயரத் தண்டு விட்டு, மஞ்சள் பூங்கொத்துகள் பூத்து, விதை உதிர்த்துவிட்டு மடிகிறது. வாழ்நாளில் பூப்பது ஒரே முறை.

அறுவடைக்காரர்கள் அந்தப் பூ வருவதற்குள் முந்திக்கொள்கிறார்கள். நான்கைந்து வயதான செடியைத் தேடி, வேரின் தலைப்பக்கத்து மண்ணைப் பறித்து, தண்டை அடியோடு சீவுகிறார்கள். வெட்டுவாயில் வெள்ளைப் பால் துளிர்க்கிறது. வெயில் பட்டால் கெட்டுவிடும் என்பதால் சுள்ளியும் மண்ணும் கொண்டு சிறு கூரை போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். சில நாள் கழித்து வந்து பார்த்தால் பால் பழுப்பேறிப் பிசினாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, வேரில் மெல்லியதாக இன்னொரு சீவல் சீவி, மறுபடி மூடுகிறார்கள். வேர் வற்றும் வரை ஏறக்குறைய மூன்று மாதம் இது நடக்கும். நல்ல வேர் ஒன்றிலிருந்து ஒரு கிலோ வரை கிடைக்கலாம்.

செடி ஏன் பாலைக் கசியவிடுகிறது? வேரின் உள்ளே நுண்குழல்களில் அது எப்போதும் நிறைந்திருக்கிறது. பூச்சி துளைத்தாலோ விலங்கு கடித்தாலோ குழல் உடைந்து, பால் வெளிவந்து காயத்தை அடைக்கிறது. அதன் நெடியும் கசப்பும் கடித்ததை விரட்டுகின்றன. நாம் விரும்பித் தாளிப்பது ஒரு செடியின் தற்காப்பு ஆயுதத்தை.

நெடிக்குக் காரணம் கந்தகம். பிசினில் 10 முதல் 17 விழுக்காடு எளிதில் ஆவியாகும் எண்ணெய். அதில் இரண்டு கந்தக அணுக்கள் இணைந்த டைசல்பைடு சேர்மங்கள் நிறைய உண்டு. வெங்காயத்தின், பூண்டின் மணத்துக்கும் இதே வகைக் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். அவ்விரண்டையும் விலக்கும் வீடுகளில் பெருங்காயம் அந்த இடத்தை இவ்வளவு நன்றாக நிரப்புவது இதனால்தான். சூடான எண்ணெயில் போட்டதும் குத்தும் நெடியில் ஒரு பகுதி ஆவியாகப் பறக்கிறது. மற்ற மணப்பொருள்கள் எண்ணெயில் கரைகின்றன. அந்த எண்ணெய் குழம்பு முழுவதும் பரவும்போது மணமும் கூடவே போகிறது. தாளிக்கும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் கை பழகியிருந்தது.

கடையில் வாங்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று அச்சிட்டிருக்கும். சுத்தமான பிசின் கடுமையானது, ஒட்டிக்கொள்வது. அதனால் மைதா அல்லது அரிசி மாவு, உண்ணத்தகுந்த கோந்து ஆகியவற்றோடு பிசைந்து கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ் இந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். இது கலப்படமல்ல, சட்டம் ஏற்ற முறை. ஆனால் கோதுமை ஒவ்வாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். இதில் மாவு இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பூக்கும் முன்பே வெட்டப்படும் செடி விதை விடாமல் மடிகிறது. காடும் மலையும் தருவதை மட்டும் நம்பி இத்தனை பெரிய சந்தை நெடுநாள் ஓட முடியாது. பயிரிட்டுத்தான் ஆக வேண்டும். அதுவும் எளிதல்ல. விதை நீண்ட உறக்கத்தில் கிடக்கும். குளிர் பட்டால்தான் விழிக்கும். இந்தியாவில் சோதித்தபோது 100 விதைக்கு ஒன்றுதான் முளைத்தது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஈரானிலிருந்து விதை தருவித்து, உறக்கத்தைக் கலைக்கும் முறைகளை வகுத்து, நாற்று வளர்த்தது. 2020 அக்டோபர் 15 அன்று லாஹௌல் பள்ளத்தாக்கின் குவாரிங் கிராமத்தில் முதல் நாற்று நடப்பட்டது. 2025இல் பாலம்பூரிலேயே செடிகள் பூத்து விதை பிடித்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஈரானை நம்பாமல் அடுத்த தலைமுறை நாற்றுகளை வளர்க்க அந்த விதைகள் வழி திறக்கின்றன. அவற்றிலிருந்து பால் எடுக்க இன்னும் நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.