சென்சார் போகலை தம்பி, வெளிச்சம் பத்தலை

முகூர்த்த மாதம் முடிந்த மறுவாரம் என் சர்வீஸ் மேசையில் கேமராக்கள் குவியும். பெல்ட் அறுந்தது, ஷட்டர் சிக்கியது, பன்னீர் தெளித்ததில் பட்டன் வேலை செய்யாதது என்று பல புகார் உண்டு. ஆனால் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, கிரெய்ன்ஸ் அடிக்குது. சென்சார் போயிடுச்சுன்னு சொல்றாங்க." கிரெய்ன்ஸ் என்றால் படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகள். சென்சார் என்றால் கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் தகடு.

சமீபத்தில் அப்படி வந்த தம்பியிடம் இன்னொரு கடையில் சென்சாரை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்டிருந்தார்கள். நான் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. மெமரி கார்டை வாங்கி ரா ஃபைலைத் (கேமரா திருத்தாமல் பதியும் மூலப் படம்) திறந்தேன். அதிகாலை முகூர்த்தம், மண்டபத்துக்குள், ஃபிளாஷ் இல்லை. ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/125 வினாடி, கேமராவோடு வரும் கிட் லென்ஸில் எஃப் 5.6 (இந்த எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகும்). படம் கும்மிருட்டாக இருந்தது. அதை லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் மூன்று ஸ்டாப் ஏற்றியிருக்கிறார் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு, மூன்று என்றால் எட்டு மடங்கு). மணப்பெண் கன்னத்தில் மிளகாய்ப்பொடி தூவினாற்போல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள்.

"ஏன் தம்பி 400-லயே வச்சீங்க?"

"அதுக்கு மேல போனா கிரெய்ன்ஸ் வரும்னு எங்க மாஸ்டர் சொல்லுவாருண்ணே."

மாஸ்டர் மேல் தப்பில்லை. ஃபிலிம் காலத்திலும் டிஜிட்டலின் ஆரம்பத்திலும் அது நல்ல அறிவுரை. இன்றைக்கு அதுவே படத்தைக் கெடுக்கிறது.

வெளிச்சம் தண்ணீர்க் குழாய் போல ஒரே சீராக வருவதில்லை, மழைபோலத் துளித்துளியாக வருகிறது. மொட்டை மாடியில் வரிசையாக டம்ளர்களை வைத்துப் பாருங்கள். தூறல் நின்றதும் ஒன்றில் ஏழு துளி இருக்கும், பக்கத்தில் உள்ளதில் பன்னிரண்டு இருக்கும். அடைமழையில் அந்த வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு டம்ளர்தான். சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். (இந்தக் கணக்கு கேமராவுக்காக வந்ததே இல்லை. 1918-இல் வால்டர் ஷாட்கி என்ற ஜெர்மன் இயற்பியலாளர் வெற்றிடக் குழாய்களில் ஓடும் மின்னோட்டத்தைப் பற்றி எழுதியபோது வந்தது.)

ஐஎஸ்ஓ ஒரு துளிகூடக் கூடுதலாகப் பிடித்துத் தராது. விழுந்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். தம்பி 400-இல் எடுத்து மூன்று ஸ்டாப் ஏற்றியதும், அதே ஷட்டர், அதே அப்பர்ச்சரில் 3200-இல் எடுப்பதும் ஒரே அளவு வெளிச்சம்தான். இன்னும் சொன்னால், பல கேமரா பாடிகளில் 3200-இல் எடுத்ததே கொஞ்சம் சுத்தமாக இருக்கும். சென்சாரிலிருந்து சிக்னலைப் படிக்கும்போது சேரும் மின்னணு இரைச்சல் உயர்ந்த ஐஎஸ்ஓவில் பொதுவாகக் குறைவு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்பதுதான். இங்கேதான் நம் ஆட்கள் காசை விடுகிறார்கள். கிராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடியை விற்று, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்கினால் சென்சார் பரப்பு ஏறக்குறைய 2.3 மடங்காகும். எஃப் 5.6 கிட் லென்ஸைக் கழற்றி 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. இரண்டு முகமும் ஃபோகஸில் நிற்க வேண்டும் என்று 2.8-இல் வைத்தாலும் 4 மடங்கு. விலை வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

மெனுவிலும் சில திருடர்கள் ஒளிந்திருக்கிறார்கள். கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டி-ரேஞ்ச் ஆப்டிமைசர். பெயர் வேறு, வேலை ஒன்றுதான்: நிழல் பகுதியைத் தூக்கிக் காட்டுவது. ஜேபெக்கில் எடுப்பவர்களுக்குக் கறுப்பு கோட்-சூட்டிலும் கூந்தலிலும் நாய்ஸ், அதாவது இந்தக் கிரெய்ன்ஸ், வருவதற்கு இது ஒரு காரணம். அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சந்தேகமா? லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டரையும் மறைத்து, நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்து, ஐஎஸ்ஓ 1600-இல் 1/125-இல் இரண்டு படம், 30 வினாடியில் இரண்டு படம் எடுங்கள். ஒவ்வொரு ஜோடியையும் 100 சதவீதம் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறினால் அது இயல்பான நாய்ஸ். அதே இடத்தில் அசையாமல் நின்றால் ஹாட் பிக்சல். 30 வினாடிப் படத்தில் கொஞ்சம் இருப்பது எல்லாக் கேமராவுக்கும் சகஜம். 1/125-லேயே பளிச்சென்று நின்றால்தான் கவலை. அதற்கும் சென்சார் மாற்ற வேண்டாம். பல மிரர்லெஸ் பாடிகளில் பிக்சல் மேப்பிங் என்று மெனுவிலேயே இருக்கிறது, ஓட்டிவிட்டால் கேமரா அந்தப் பிக்சலை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும்.

இந்தச் சோதனையைக் கேமரா சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள். வெப்பம் ஏறஏற, வெளிச்சமே இல்லாமல் சென்சாரில் ஊறும் மின்னோட்டமும் ஏறும். ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த கேமராவில் இரண்டு மணி நேரம் வீடியோ ஓட்டிவிட்டு "புள்ளி புள்ளியா வருது" என்றால், வரத்தான் செய்யும். அரை மணி நேரம் அணைத்து நிழலில் வையுங்கள்.

படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் அது வேறு கதை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு அதில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். சைலன்ட் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு வாருங்கள், 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஸ்டேஜின் பின்னால் நிற்கும் எல்இடி திரையும் சில அலங்கார விளக்குகளும் இன்னும் வேகமாக மினுக்குவதால் இதற்கும் அடங்காமல் போகலாம். அதே கேமராவை வெயிலில் வைத்து எடுத்துப் பட்டை மறைந்தால் கேமரா நல்ல கேமரா.

உண்மையாகவே செத்த சென்சாரும் என் மேசைக்கு வந்திருக்கிறது. ரிசப்ஷனில் டிஜே போட்ட லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் பாய்ந்திருக்கிறது. அந்த நொடியிலிருந்து எல்லாப் படத்திலும் மேலிருந்து கீழே ஒரு ஊதாக் கோடு. மூடியைப் போட்டு எடுத்தாலும் கோடு. அதற்கு மேப்பிங் உதவவில்லை, சென்சாரைத்தான் மாற்றினோம். லேசர் சுழலும்போது கேமராவைக் கீழே இறக்குங்கள். லைவ் வியூவிலும் வீடியோவிலும் சென்சார் திறந்தே கிடக்கிறது.

சென்சார் கிளீனிங் செய்தால் கிரெய்ன்ஸ் போகுமா என்றும் கேட்கிறார்கள். போகாது. தூசி எஃப் 11, எஃப் 16-இல் மங்கலான கறுப்புப் பொட்டாகத் தெரியும், நாய்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லைட்ரூமில் 2023-இல் வந்த ஏஐ டினாய்ஸ் நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். முழுக்க இழுத்துவிடாதீர்கள். கிரெய்ன்ஸோடு சேர்த்துப் புருவ முடியையும் பட்டுச்சேலையின் சரிகைப் பின்னலையும் அது வழித்துவிடும். கொஞ்சம் கிரெய்ன்ஸ் ஆல்பம் பிரிண்டில் அவ்வளவாகத் தெரியாது, மெழுகுப் பொம்மை முகம் தெரியும்.

அந்தத் தம்பியிடம் காசு வாங்கவில்லை. அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவர்கள் பாடியோடு கார்டில் அழியாத ரா ஃபைலையும், மூடி போட்டு எடுத்த அந்த நான்கு படங்களையும் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. அது சுருக்கியதால் வந்த கட்டம் எது, கேமராவின் கிரெய்ன்ஸ் எது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியாது.