வெப்பமானி சொல்வது யாருடைய வெப்பநிலை?

மொரீசியஸில் குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் க்யூர்பிப் ஊர்ப் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையோரத் தலைநகர் போர்ட் லூயிஸில் அரைக்கைச் சட்டையே போதும். க்யூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் குளிரும். அந்தக் கணக்கில் இரண்டு ஊருக்கும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம். குளிர்கிறது என்று உடம்பு சொல்லிவிடும். எத்தனை டிகிரி என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்று கிண்ணங்கள் எடுங்கள். முதலாவதில் ஐஸ் தண்ணீர், மூன்றாவதில் கை பொறுக்கும் வெந்நீர், நடுவில் குழாய்த் தண்ணீர். இடக்கையை ஐஸ் தண்ணீரிலும் வலக்கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுக்கிண்ணத்தில் விடுங்கள். இடக்கைக்கு அது சுடும், வலக்கைக்குக் குளிரும். தண்ணீர் ஒன்றுதான். வெப்பம் தோலுக்குள் வருகிறதா, வெளியே போகிறதா, எவ்வளவு வேகமாக என்பதைத்தான் கை உணர்கிறது.

வெப்பநிலை என்பது பொருளிலுள்ள துகள்கள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதன் அளவு. வெப்பம் வேறு. ஒரு டம்ளர் சூடான தேநீரைவிட ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் மொத்த வெப்பம் அதிகம். ஆனாலும் நாக்கைச் சுடுவது தேநீர்தான்.

இனி மாணவர்கள் பலர் தவறவிடும் செய்தி. வெப்பமானி எப்போதும் தன் சொந்த வெப்பநிலையைத்தான் காட்டும். தண்ணீரில் வைத்தால் தண்ணீரும் வெப்பமானியின் நுனியிலுள்ள குமிழும் ஒரே சூட்டுக்கு வரும்வரை அதன் எண் பொய். அளப்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

ஆய்வுக்கூட வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் ஒரு டிகிரி சூடேறினால் தன் கொள்ளளவில் சுமார் 5,500இல் ஒரு பங்குதான் விரியும். இவ்வளவு சிறிய மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் குழாய் மயிரிழைபோல மெல்லியதாக இருக்க வேண்டும். சாயம் கலந்த ஆல்கஹால் அதைப்போல ஆறு மடங்கு விரியும். அது −114 டிகிரிவரை உறையாது, ஆனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். பாதரசமோ −39 டிகிரியில் உறைந்து, 357 டிகிரியில்தான் கொதிக்கும். எந்த அளவீட்டுக்கு எது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

அளக்கும்போது குமிழ் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். பாத்திரத்தின் அடியில் முட்டக் கூடாது. அடுப்பின் மேல் இருக்கும் பாத்திரத்தின் அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். லேசாகக் கலக்கி, திரவம் ஏறுவது நின்ற பிறகு, கண்ணை அதே மட்டத்தில் வைத்துப் படியுங்கள். மேலிருந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து பார்த்தால் இன்னோர் எண். படிப்பதற்காக வெளியே எடுக்காதீர்கள், எடுத்த நொடியே இறங்கத் தொடங்கும். பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானியை மட்டும் எடுத்துப் படிக்கலாம். அதன் குமிழுக்கு மேல் குழாய் குறுகியிருக்கும். ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும்.

இன்று வீடுகளில் இருப்பது டிஜிட்டல் காய்ச்சல்மானி. அதன் நுனியில் இருக்கும் தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. எண் ஏறுவது நின்றதும் பீப் ஒலிக்கும். வாயில் வைத்தால் நாக்குக்கு அடியில், பின்பக்கம் ஓரமாக வைத்து உதட்டை மூடுங்கள். தேநீரோ ஐஸ்கிரீமோ சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள், இல்லையென்றால் அளப்பது தேநீரைத்தான். அக்குளில் வைப்பதானால் முதலில் வியர்வையைத் துடையுங்கள். அங்கே வாயைவிட ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும். 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 என்றால், மாலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நெற்றியில் காட்டும் அகச்சிவப்புக் கருவி தோல் வீசும் கதிரை அளக்கிறது. வெயிலில் ஓடியாடி வந்த பிள்ளையின் நெற்றியிலும், வியர்த்த நெற்றியிலும் அது ஏமாறும். நிழலில் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அளவிடுங்கள். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை அதால் அளக்க முடியாது, பாத்திரத்தில் பட்டுத் திரும்பும் சுற்றுப்புறத்தின் கதிரையே அது படிக்கும்.

கண்ணாடிப் பாதரசமானி இன்னும் வீட்டில் இருந்து உடைந்துவிட்டால் துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். இரண்டும் அதை நுண்துளிகளாக்கிக் காற்றில் பரப்பும். பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறங்கள். கையுறை போட்டு, துளிகளைக் கெட்டி அட்டையால் ஒன்று சேர்த்து, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுத்து, மூடியுள்ள ஜாடியில் அடையுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

காற்றை அளக்க வெப்பமானியை வெயிலில் தொங்கவிட்டால் அது வெயிலில் காய்ந்த கண்ணாடியின் சூட்டைக் காட்டும். அதனால்தான் வானிலை நிலையங்களில் பக்கமெல்லாம் சாய்பலகை அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், தரைக்கு மேல் ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த பாடநூலில் பெட்டியின் கதவு வடக்கு நோக்க வேண்டும் என்றிருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள். ஆண்டின் பெரும்பகுதி நமக்கு வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. மொரீசியஸ் பள்ளியில் பெட்டி செய்தால் கதவு தெற்கே இருக்கட்டும். தைப்பூசம் இங்கே கோடையில் வருகிறது. வானிலை அறிக்கை 31 டிகிரி என்று சொல்வது நிழலிலுள்ள காற்றை. உச்சி வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 50 டிகிரியையும் தாண்டும். காவடியோடு வெறுங்காலில் நடப்பவரின் பாதத்துக்குத் தெரிவது அந்தச் சூடு.

கடைசியாக, உங்கள் ஆய்வுக்கூட வெப்பமானி சரியா என்று பாருங்கள். டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குடிநீர். தண்ணீர் அதிகமானால் அடியில் சூடு தங்கும். உப்பு பட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். கலக்கிக்கொண்டே மூன்று நிமிடம் வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரை வைத்துச் சரிபார்ப்பது கடற்கரை ஊருக்குச் சரி. உயரத்திலுள்ள க்யூர்பிப்பில் தண்ணீர் 98 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், நல்ல வெப்பமானிமேல் வீண்பழி விழும். ஐஸில் 1 காட்டினால் தூக்கி எறிய வேண்டாம். ஒரு துண்டு பிளாஸ்திரியில் ‘−1’ என்று எழுதித் தண்டின் மேல்முனையில் ஒட்டி, அறை வெப்பநிலையை ஒட்டிய அளவுகளில் ஒன்றைக் கழித்து எழுதுங்கள்.