‘இண்டிஜீன்’ என்றால் பழங்குடி இல்லை

நைஜீரியா பற்றி ஏதாவது மொழிபெயர்க்கும்போது ‘இண்டிஜீன்’ என்ற சொல் வந்தால் கை தானாகப் ‘பழங்குடி’ என்று எழுதப் போகும். எழுதாதீர்கள், பொருளே மாறிவிடும். ஓயோ மாநிலத் தலைநகர் இபாதானையே பூர்வீகமாகக் கொண்டு, அரசு அலுவலகத்தில் மேலதிகாரியாக இருக்கும் யொரூபா இனத்தவரும் ஓயோ மாநிலத்தின் இண்டிஜீன்தான். காடு, மலை, பழைய வாழ்க்கைமுறை எதற்கும் இதில் இடமில்லை. உன் தாத்தா எந்த ஊர்ச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது மட்டும்தான் கேள்வி.

சொல்லின் வேர் லத்தீன். ‘இண்டு’ என்றால் உள்ளே, அதோடு ‘பெறுதல், ஈனுதல்’ என்ற பொருளுள்ள வினை சேர்ந்து ‘இண்டிஜெனா’, அதாவது அங்கேயே பிறந்தவர். நைஜீரியாவிலோ அங்கே பிறந்தது மட்டும் போதாது. 1999 அரசமைப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் அந்த மாநிலத்து இண்டிஜீன் ஒருவராவது மத்திய அமைச்சராக வேண்டும் என்று 147ஆவது பிரிவில் சொல்கிறது, ஆனால் இண்டிஜீன் யார் என்று எங்கும் வரையறுக்கவில்லை. 318ஆவது பிரிவில் ஒரு மாநிலத்தைச் ‘சேர்ந்தவர்’ யார் என்பதற்கு மட்டும் விளக்கம் உண்டு: தாய் தந்தையரில் ஒருவராவது அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவராவது அந்த மாநிலத்துப் பூர்வீகச் சமூகத்தில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் அங்கே பிறந்தீர்களா, நாற்பது வருடம் வரி கட்டினீர்களா என்று அந்த விளக்கம் கேட்பதில்லை.

இப்படி ஏன் வந்தது? 250க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள நாடு அது. 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா பிரிவினைப் போரைப் பார்த்த நாடு. அரசு வேலை முழுவதும் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடக் கூடாது என்ற நியாயமான பயத்தில்தான் 1979 அரசமைப்பில் பதவிகளை எல்லாப் பகுதிக்கும் பகிரும் விதி வந்தது. பிறகு அதைக் கண்காணிக்க ஒரு ஆணையமும் அமைத்தார்கள். சரி, பகிர வேண்டும் என்றால் யார் எந்த மாநிலத்தார் என்று தெரிய வேண்டுமே, அதனால் வேலை விண்ணப்பத்தில் ‘பூர்வீக மாநிலம்’ என்று ஒரு கட்டம், அதற்கு உள்ளாட்சி அலுவலகம் தரும் ஒரு சான்றிதழ். அந்தத் தாள் இல்லாதவருக்கு மாநில அரசு வேலை கிடைப்பது கடினம், பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் கூடுதல்.

2012இல் நடந்த ஒன்றைச் சொன்னால் இதன் கனம் புரியும். இஃபேயோமா ஜோம்போ-ஓஃபோ என்ற பெண் நீதிபதி, அனம்ப்ரா மாநிலத்தில் பிறந்தவர், அபியா மாநிலத்துக்காரரை மணந்து அங்கேயே பல ஆண்டுகள் நீதித்துறையில் வேலை பார்த்தவர். அபியாவின் சார்பில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தேர்வாகி, பதவியேற்பு நாளில் அவரை மட்டும் நிறுத்திவிட்டார்கள், அவருடைய பூர்வீகம் அபியா இல்லை என்று. நிறுத்தியவர் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி அலோமா முக்தார். பெரிய எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அதே மாதத்தில் பதவியேற்க விட்டார்கள். கணவர் ஊரில் அவர் அந்நியர், பிறந்த ஊரில் ‘கட்டிக் கொடுத்த பெண்’. எந்த மாநிலத்தின் பங்கில் அவர் வேலை கேட்பது?

நடு நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் இது உயிர்களையே பறித்தது. அங்கே பேரோம், அனகுட்டா, அஃபிசெரே மக்கள் தங்களைத்தான் இண்டிஜீன் என்கிறார்கள். வெள்ளீயச் சுரங்க வேலைக்காக ஆங்கிலேயர் காலத்தில் வந்து தலைமுறைகளாக வாழும் ஹவுசா மக்கள், இந்த நகரத்தை வளர்த்தவர்கள் நாங்கள், நாங்களும் இண்டிஜீன் என்கிறார்கள். 2001இல் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக ஒரு ஹவுசாக்காரரை நியமித்ததில் பகை முற்றி, செப்டம்பரில் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘பூர்வகுடி’ என்று எழுதலாமா? அது ஆஸ்திரேலியத் தொல்குடிகளை நினைவூட்டும், வேண்டாம். ‘மண்ணின் மைந்தர்’ கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அது மேடை முழக்கம், பெண்ணுக்கு அதில் இடமும் இல்லை, சான்றிதழில் எழுதும் சொல்லும் இல்லை. ‘உள்ளூர்க்காரர்’ என்றால் இன்று அங்கே குடியிருப்பவர் யாரும்தான். ஆனால் சென்னையிலேயே பிறந்தவரிடமும் நாம் “உங்களுக்குப் பூர்வீகம் எது?” என்று கேட்கிறோம், அவரும் தயங்காமல் தாத்தாவின் ஊரைச் சொல்கிறார். இண்டிஜீன் என்பதன் நைஜீரியப் பொருள் அச்சு அசலாக அதுதான். அதனால் ‘பூர்வீகத்தார்’ என்பதே என் தேர்வு, சான்றிதழைப் ‘பூர்வீகச் சான்று’ எனலாம். பூர்வீகம் வடசொல்வழி வந்தது என்று விலக்க நினைப்பவர்கள் ‘வழிவழி ஊரார்’ என்று எழுதலாம், கொஞ்சம் நீளம், ஆனால் பொருள் பிசகாது.

அப்புறம் இதன் எதிர்ச்சொல். அங்கே ‘செட்லர்’ என்கிறார்கள். அதை ‘வந்தேறி’ என்று எழுதிவிடாதீர்கள், தமிழில் அது வசைச்சொல். மூன்று தலைமுறையாக ஜோஸில் தையல்கடை வைத்திருக்கும் குடும்பத்தை அப்படி எழுதினால் மொழிபெயர்ப்பவரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று ஆகிவிடும். ‘குடியேறியவர்’ போதும்.