டாக்யார்டு பென்ஷன்: மிலிட்டரி கணக்கு இதற்கு ஒத்துவராது

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை பக்கம் தெருவுக்குப் பல முன்னாள் ராணுவத்தினர். அதனாலேயே, காட்பாடியில் ரயிலேறிப் போய் விசாகப்பட்டினம், மும்பை கடற்படை டாக்யார்டில் (கப்பல் பழுதுபார்க்கும் தளம்) ஃபிட்டராகவோ வெல்டராகவோ வேலை பார்த்துத் திரும்பியவரையும் ஊர் ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் சொல்லும். விதிப்படி அவர் பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவிலியன் ஊழியர். படைவீரர்களுக்கான ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ திட்டம் அவருக்கு வராது, முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவமும் வராது. ஆனால் 60 வயது வரை வேலை உண்டு.

7-வது ஊதியக்குழுப்படி ஸ்கில்டு தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயில் தொடங்குகிறது. தொழிலாளிகளில் மேல்நிலைப் பதவியான மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன் ஆனால் 35,400. பதவி உயர்வு கிடைக்காதவருக்கு 10, 20, 30 வருஷங்களில் ஊதிய நிலை உயரும்.

பென்ஷனில் முதலில் பார்க்க வேண்டியது சேர்ந்த தேதி. 2004 ஜனவரி 1-க்கு முன்பு சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி, 25,000 பென்ஷன். அதில் 40 சதவீதத்தை, அதாவது 10,000-ஐ, கம்யூட் செய்தால் (மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால்) 60 வயதில் ஓய்வு பெறுபவர் கையில் மொத்தமாக 9,83,280 ரூபாய் வரும். மாதம் 15,000 என்று சுருங்குவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டாம்: அகவிலைப்படி முழு 25,000-க்கும் உண்டு, விட்டுக்கொடுத்த 10,000-மும் 15 வருஷம் கழித்துத் திரும்பி வரும்.

வீட்டில் பேசாத விஷயம் குடும்ப பென்ஷன். ஓய்வுக்குப் பின் அவர் இறந்தால் மனைவிக்கு அதே 25,000 கிடைக்கும்தான். ஆனால் 7 வருஷம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். அப்புறம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், 15,000. 66 வயதில் போனவரின் மனைவிக்கு அந்த முழுத்தொகை ஒரு வருஷம்தான்.

2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவருக்கு என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் அவர் 10 சதவீதம், அரசு 14 சதவீதம் போடும். 2025 ஏப்ரல் 1 முதல் யுபிஎஸ் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) என்ற மாற்றுத் திட்டமும் வந்திருக்கிறது. அதில் 25 வருஷ சேவைக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி கிடைக்கும்.

சரி, பென்ஷன்தாரர் உயிரோடு இருப்பதைக் காட்ட வருஷாவருஷம் கொடுக்கும் நவம்பர் வாழ்வுச் சான்று. பென்ஷன் ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் அமைப்பு) மூலம் வருகிறதென்றால், இ-சேவை மையத்தில் கைரேகை வைக்கும்போது பென்ஷன் வழங்குபவர் என்ற இடத்தில் பாஸ்புக்கைப் பார்த்து வங்கிப் பெயரைப் போட்டுவிடுவார்கள். அங்கே ஸ்பர்ஷ் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே விரலை வையுங்கள்.